கால் ஊன்ற விடாதே, தங்கச்சி

தங்கச்சி, சனிக்கிழமை நீ முதல்தரம் தனியாக ஒரு குழுவை நிலாவெளிக்கு முன்னால் கிடக்கிற புறாமலைத் தீவுக்குக் கூட்டிப்போகிறாய் என்று அம்மா சொன்னா. பதினொரு பேர், கண்டிப் பக்கத்துச் சனம், சிங்களக் குடும்பம் இரண்டு, தமிழ்க் குடும்பம் ஒன்று, மொத்தத்தில் நாலு பிள்ளைகள். போனில் நீ என்னிடம் இரண்டு விசயம் கேட்டாய். என்ன கதை சொல்லுறது, சுறா எந்தப் பக்கம் நிற்கும். இரண்டுக்கும் சொல்கிறேன். அதற்கு முதல் உன்னோடு பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணும்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருசம். ஆடி மாதம், கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்த நாள். மகளோடும் மருமகனோடும் வந்த ஒரு பெரியம்மா நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை வைத்து மிதந்துகொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, இளம் பொடியன்களுக்கு ஆமையைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன அலை வந்து பெரியம்மாவின் மூச்சுக்குழாய்க்குள் தண்ணீரை ஊற்றிவிட்டது. மூச்சு முட்டிப் பயந்துபோய் அவர் எழும்பி நின்றார். நின்ற இடம், மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட முருகைக்கல். என் தலை தண்ணீருக்குள் இருந்ததால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த ஈர்க்கு முறிகிற மாதிரி, அடுத்தடுத்து நாலைந்து தரம். நான் போய்ப் பிடிக்க முதல் அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

கரையில் இருத்திப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் மூன்று வெட்டு. "நோகேல்லப் பிள்ளை" என்றார். அவருக்கு நோகாததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. விசாரித்தேன். பன்னிரண்டு வருசமாகச் சீனி வருத்தம், பாதத்தில் உணர்ச்சி குறைவு. இதைப் படகில் ஏற முதலே நான் கேட்டிருக்க வேணும். கேட்கவில்லை. காயம் ஆற ஒன்றரை மாதம் எடுத்ததாக மகள் பிறகு சொன்னா. முறிந்த கிளைகளின் வயதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். கிளைவிடும் முருகைக்கல் நல்ல தண்ணீரில் வருசத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வளரும். மூளை மாதிரி மடிப்போடு குண்டாகக் கிடக்கிற சாதி, வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம்.

அன்றிலிருந்து என் வேலையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். புறாமலையில் ஆளுக்கு வருகிற கேடும் முருகைக்கல்லுக்கு வருகிற கேடும் பெரும்பாலும் ஒரே செக்கனில் வருகின்றன. பயந்த ஆள் கால் ஊன்றுகிற செக்கன் அது. பயமில்லாத ஆள் மிதக்கும். சனிக்கிழமை நீ செய்யப்போகிற எல்லாமும், படகில் ஏற்றுவதிலிருந்து கதை சொல்வது வரைக்கும், அந்தப் பயம் வராமல் பார்ப்பதற்காகத்தான்.

படகு ஏற முதல்

வந்த உடனே எல்லாரையும் வட்டமாக நிறுத்தி "யாருக்காவது வருத்தம் இருக்கா?" என்று கேட்காதே. ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். மாமியாருக்கு முன்னால் மருமகள் சொல்லாது, பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பன் சொல்லாது. லைஃப் ஜக்கெட்டை நீயே ஒவ்வொருவருக்கும் போட்டுவிடு. வாரை இழுத்து இறுக்கும்போது உன் முகமும் அவர் முகமும் கிட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மெல்லிய குரலில் கேள்: சீனி இருக்கா, பிரஷர் இருக்கா, நெஞ்சு வருத்தம், ஆஸ்துமா? இளம் பெண் என்றால், பிள்ளை ஏதும் தங்கியிருக்கா? அந்த அரை நிமிசத்தில் சொல்லாத ஆளை நான் கண்டதில்லை. இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்: நீந்தத் தெரியுமா? "கொஞ்சம் தெரியும்" என்றால் தெரியாது என்று எடு.

வார் தளர்வாக இருந்தால், தண்ணீரில் இறங்கியதும் ஜக்கெட் மேலே ஏறிக் காதை மூடும், ஆள் கீழே தொங்கும். அதுவும் பயம் வருகிற ஒரு வழி. தோள்ப் பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பார். தாடைக்கு மேலே வந்தால் திரும்ப இறுக்கு.

குடித்துவிட்டு வந்த ஆளைப் படகில் ஏற்றாதே. இதில் சமாதானம் பேச இடமில்லை. காசைத் திருப்பிக் கொடுக்க வேணும் என்றால் கொடு, அந்தக் காசு உன்னை ஏழையாக்காது. நீ பொம்பிளைப் பிள்ளை என்பதால் சிலர் சிரித்து மழுப்பிப் பார்ப்பார்கள். படகோட்டும் அண்ணாவிடம் முதலே சொல்லி வை. அவர் இயந்திரத்தை இயக்காவிட்டால் கதை முடிந்தது.

படகுக்காரரைப் பற்றி இன்னொன்று. கடலைப் பார்த்து அவர் தலையை ஆட்டினால் அன்றைக்குப் பயணம் இல்லை. நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான், பத்துப் பதினைந்து நிமிச ஓட்டம். அந்தக் கிட்டம் சனத்தை ஏமாற்றும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் எங்கள் கடல் படுத்துக் கிடக்கும் காலம். கார்த்திகை, மார்கழியில் வாடை பிடித்துவிட்டால் அதே ஒரு கிலோமீற்றர் வேறு ஊர். நல்ல காலத்திலும் கச்சானைக் கவனி. அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரத்தில் அலையே இருக்காது, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மிதக்கிற ஆளை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ஆளுக்கும் தெரியாது. பத்து நிமிசத்துக்குப் பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து "இவ்வளவு தூரம் வந்திட்டனா" என்று திடுக்கிடும்போது கால் தானாகத் தரை தேடும்.

இதனால் ஒரு பழக்கம்: காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் போகிறது என்று இறங்க முதல் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார். முதலில் அதற்கு எதிராகக் கூட்டிப்போ. களைத்துத் திரும்பும்போது கடல் கொண்டுவந்து விடும்.

மலை முதல், தண்ணீர் பிறகு

எல்லாரும் படகால் இறங்கியதும் தண்ணீருக்குள்தான் ஓடப்பார்ப்பார்கள். நீ மறித்து முதல் மேலே கூட்டிப்போ. வனஜீவராசிகள் திணைக்களத்தார் ஆட்களை விடுகிற பாதையால் மட்டும். குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 45 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறுவது பெரிய விசயமில்லை, ஆனால் ஈரக் காலோடு, நனைந்த உடுப்போடு, நீந்திக் களைத்த முழங்காலோடு அந்தப் பாறையில் ஏறுவது விழுவதற்கான வழி. வெயில் ஏறினால் பாறை சுடும். காலையில் காய்ந்த சப்பாத்தோடு ஏறி இறங்கிவிட வேணும்.

ஏறும்போது ஆகப் பின்னால் வருகிறவரை நீ முன்னுக்குக் கொண்டுவா. உனக்கு அடுத்ததாக அவர் நடக்கட்டும். குழு முழுக்க அவருடைய வேகத்துக்கு வந்துவிடும், அவருக்கும் தான் பின்தங்கினேன் என்ற வெட்கம் வராது. ஆகக் கடைசியில் ஒரு பொறுப்பான ஆளை விடு, அவருக்கு ஒரு வேலை கொடு: "அண்ணா, உங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது." ஆண்கள் இந்த வேலையைப் பெருமையாகச் செய்வார்கள்.

வழியில் பாறை இடுக்குகளில் மாடப்புறா இருக்கும். தீவுக்குப் பேர் வந்ததே அதனால்தான். ஊர்ப் புறாவைப் பார்த்துப் பழகிய சனம், "இதுதானா" என்று கேட்கும். கோயில் கோபுரத்தில் நிற்கிற புறாவின் மூதாதை பாறைகளில் எப்படி வாழ்ந்தது என்று காட்டுகிற இடம் இது என்று சொல்லு. கூட்டுக்குக் கிட்டப் போக விடாதே, சத்தம் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவைச் சுட்டுப் பழகுகிற இடமாக வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் தாங்கி மிஞ்சிய பறவை.

உச்சிக்குப் போனதும்தான் உன்னுடைய முக்கியமான பாடம். படம் எடுத்து முடியட்டும், பொறுத்திரு. பிறகு எல்லாரையும் கீழே கடலைப் பார்க்கச் சொல். தண்ணீரில் கறுப்பாக, தவிட்டு நிறமாகத் தெரிவது முருகைக்கல். வெளிறிய பச்சையாகத் தெரிவது மணல். அந்தப் பச்சைத் திட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் காட்டு. "களைச்சா அந்த இடத்துக்கு வாங்க, அங்க மட்டும் நிக்கலாம்" என்று சொல்லு. பிள்ளைகளிடம் திருப்பிக் கேள்: எங்க நிக்கலாம்? அவர்கள் காட்டுவார்கள். பெரியவர்களும் அப்போதுதான் கவனிப்பார்கள். தண்ணீருக்குள் போனபின் எவ்வளவு கத்தினாலும் காதில் ஏறாத விசயம், மேலே நின்று பார்த்தால் கண்ணில் ஏறிவிடும். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. பெரியம்மாவின் காலுக்குப் பிறகு நானாகக் கண்டுபிடித்தது.

மணலில் பத்து நிமிசம்

முதல்தரம் மாஸ்க் போடுகிறவர்களை நேரே முருகைக்கல்லுக்கு மேலே கொண்டுபோகாதே. இடுப்பளவு தண்ணீரில், கீழே மணல் இருக்கிற இடத்தில், பத்து நிமிசம்.

மாஸ்க் சரியா என்று பார்க்க, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளே இழுக்கச் சொல். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் சரி. பெண்களுக்கு நெற்றி மயிர் ஒரு இழை உள்ளே போனாலும் தண்ணீர் கசியும், விரலால் ஒதுக்கிவிடு. ஆண்களுக்கு மீசை. மீசைக்காரருக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் பூசச் சொல்லு, நான் எப்போதும் ஒரு சின்ன டப்பா வைத்திருப்பேன். மாஸ்க்கில் கசிகிற இரண்டு துளிதான் பிறகு பயமாக மாறுகிறது.

அடுத்தது மூச்சுக்குழாய். அதற்குள் தண்ணீர் போகும் என்று முதலே சொல்லிவிடு. போகாது என்று பொய் சொல்லாதே. வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் புக விட்டு, "பூ" என்று பலமாக ஊதி வெளியேற்றப் பழக்கு. மூன்று தரம் செய்தவர் கடலுக்குள் அது நடந்தால் ஊதுவார். செய்யாதவர் எழும்பி நிற்பார்.

பிறகு முட்டிக்கால்களை நெஞ்சுக்கு இழுத்து, ஜக்கெட்டோடு அப்படியே மிதந்து பார்க்கச் சொல். நிற்காமலே மூச்சு எடுக்கலாம் என்பதை உடம்பு அறியவேணும். பயந்தால் முகத்தைத் தூக்கி, மல்லாக்கத் திரும்பி, வானத்தைப் பார்த்துக் கிடக்கச் சொல்லு.

மூன்று பாசையிலும் சில வசனம் வாயில் தயாராக இருக்கட்டும். "பயப்பட வேணாம், காலை வைக்க வேணாம், மெல்ல மூச்செடுங்க." சிங்களத்தில் "பய வென்ன எப்பா, கக்குல் தியன்ன எப்பா, ஹெமிஹிட்ட ஹுஸ்ம கன்ன." வெள்ளையருக்கு "டோன்ட் ஸ்டாண்ட், ஃப்ளோட்." அவரவர் பாசையில் ஒரு சொல் கேட்டாலே நெஞ்சு இறங்கும். ஆபத்து நேரத்தில் ஆட்களுக்கு இரண்டாம் பாசை மறந்துபோகும்.

காலில் மாட்டுகிற துடுப்பு, ஃபின்ஸ், புது ஆளுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. எவ்வளவு அகலமாக உதைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, உதைக்கிற உதையில் பின்னால் கிளை முறியும். ரப்பர் சப்பாத்தில் எனக்கு இரண்டு மனம். கரையில் உடைந்த முருகைக்கல் துண்டுகள் கொட்டிக் கிடக்கின்றன, வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனால் சப்பாத்துப் போட்டவருக்கு நிற்கத் துணிவும் வந்துவிடும். சீனி வருத்தக்காரருக்குக் கட்டாயம் போடு. மற்றவர்களுக்குத் தண்ணீர் விளிம்பில் கழற்றிவிடச் சொல்வேன்.

ஒரு தரத்துக்கு ஆறு பேருக்கு மேல் தண்ணீருக்குள் வேண்டாம், நீ ஒரு ஆள்தானே. மற்ற ஐந்து பேர் கரையில் நிழலில் இருக்கட்டும். உள்ளே போகிறவர்களைச் சோடி சோடியாகப் பிரி. "நல்லா இருக்கிறேன்" என்பதற்கு உள்ளங்கையை உச்சந்தலையில் வைக்க வேணும், உதவி வேண்டும் என்றால் கையைத் தூக்கி ஆட்ட வேணும். நீ கையை உன் தலையில் வைத்ததும் ஆறு கையும் தலைக்குப் போகவேணும். போகாத கையை நோக்கி நீந்து. அமைதியாக, அசையாமல் முகம் கவிழ்ந்து கிடக்கிற ஆள் மீனைத்தான் பார்க்கிறார் என்று ஒருபோதும் நினைத்துக்கொள்ளாதே. தொட்டுப் பார்.

சுறாவும் கிளிமீனும்

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இங்கே நிற்பது செட்டை நுனி கறுத்த சுறா. நன்றாக வளர்ந்தால் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேலே. ஆழமில்லாத தண்ணீரில், முருகைக்கல் ஓரத்தில் சுற்றும், ஆளைக் கண்டால் விலகிப் போகும். எந்தப் பக்கம் என்று கேட்டால் படகுக்கார அண்ணாவிடம் காலையிலேயே விசாரி. நேற்று அவர் கண்ட இடத்தில் இன்றைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சுறா என்ற சொல்லை மட்டும் தண்ணீருக்குள் வைத்து முதல்தரம் சொல்லாதே. நான் ஒருமுறை கண்டிருக்கிறேன்: யாரோ ஒருவர் சிங்களத்தில் "மோரா! மோரா!" என்று கத்த, மூன்று குழு ஆட்கள் ஒரே நேரத்தில் எழும்பி நின்றார்கள். அத்தனை சோடிக் கால்கள். அதனால் கரையில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடு. எவ்வளவு பெரிசு, எப்படி நீந்தும், கண்டால் என்ன செய்வது. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்க வேணும், துரத்தக் கூடாது. தெரிந்து பார்க்கிற சுறா அழகாக இருக்கும். காணவில்லை என்றால் மன்னிப்புக் கேட்காதே. நீ மிருகக்காட்சிச் சாலை நடத்தவில்லை.

அதைவிடக் கிளிமீனைக் காட்டு. பச்சை, நீலம், ரோசாப்பூ நிறத்தில், கிளி அலகு மாதிரி வாயோடு. முருகைக்கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும், கல்லையும் சேர்த்து அரைத்து விழுங்கி மணலாகக் கழிக்கும். பெரிய மீன் ஒன்று வருசத்தில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்கும். பிள்ளைகளிடம் சொல்லு, அவர்கள் காலுக்குக் கீழே இருக்கிற வெள்ளை மணலைக் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். பிறகு தண்ணீருக்குள் காது கொடுத்துக் கேட்கச் சொல்லு. கடலை கொறிக்கிற மாதிரி "கறுக், கறுக்" என்று கேட்கும். இதில் எனக்கு ஒரு ரகசியம் இருக்கிறது. சத்தம் கேட்க முயற்சி செய்கிற ஆள் மூச்சை மெல்ல விடத் தொடங்கும். மூச்சு மெலிந்தால் பயம் போகும். ஆயிரம் தரம் "பயப்படாதேங்க" என்பதைவிட ஒரு தரம் "கிளிமீன் கொறிக்கிறது கேக்குதா?" என்பது வேலை செய்யும்.

பாண் துண்டு, பிஸ்கட், கச்சான் கடலை ஒன்றும் மீனுக்குப் போட விடாதே. பாண் தின்னப் பழகிய மீன் பாசி தின்னாது. பாசி ஏறினால் முருகைக்கல் மூச்சுவிட முடியாமல் போகும்.

கரையில் நிற்கிற பெண்கள்

இதை உனக்கென்றே எழுதுகிறேன். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பெண்கள் கைப்பைகளையும் போன்களையும் சுமந்துகொண்டு நிழலில் இருப்பார்கள். கணவன்மாரும் பிள்ளைகளும் தண்ணீருக்குள். "நீங்க வரேல்லையா" என்றால் "இல்ல, நான் சாமானப் பார்க்கிறேன்" என்று சொல்வார்கள். விட்டுவிடாதே.

எங்கள் பக்கத்துப் பெண்களையே எடு. வீட்டு வாசலில் கடல், ஆனால் என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? முப்பது வருசம் போர். கடற்கரை முழுக்கக் காவல். அது ஓய முதலே 2004 டிசம்பர் 26, சுனாமி. நிலாவெளியில் அன்று கடல் செய்ததைப் பார்த்த தாய்மார் பெட்டைப் பிள்ளைகளை அலைக்குக் கிட்டவும் விடவில்லை. மலைநாட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு வேறு காரணம். உடுப்பு நனைந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற கூச்சம், பழக்கமின்மை.

பொம்பிளை வழிகாட்டி நீ நிற்பதே அவர்களுக்குப் பாதித் துணிவு. ஆண்களை முதல் சுற்றில் அனுப்பி, இரண்டாம் சுற்றைப் பெண்களுக்கு என்று ஒதுக்கு. சாமானைப் பார்க்க ஒரு ஆணை இருத்து. முதல் நாளே வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பு: நீளக்கைச் சட்டை, காலோடு ஒட்டிய லெகிங்ஸ் கொண்டுவாங்க, சேலையும் நீளமான சோலும் வேண்டாம். சோல் தண்ணீரில் விரிந்து காலைச் சுற்றும், முருகைக்கல்லில் மாட்டும். மாற்றுடுப்புக்கு ஒரு பெரிய துணியை நீயும் கொண்டுபோ, மறைப்புக்குப் பிடிக்க. மாதவிலக்கு நேரம் என்றால் இறங்கச் சொல்லி வற்புறுத்தாதே, அதைச் சொல்ல அவருக்கு இடம் கொடு.

உள்ளே போகும்போது அவர்கள் உன் கையைப் பிடிப்பார்கள். நகம் பதியப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். நீ மெதுவாகப் பின்பக்கமாக மிதந்துகொண்டே கூட்டிப்போ. எங்கோ ஒரு இடத்தில் அந்தப் பிடி தளரும். தளர்ந்தது உன் விரலுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே அவர் ஏதோ கத்துவார், குழாய் வழியாக "ஊ ஊ" என்று வரும். அந்த நிமிசத்துக்காக நான் பதினான்கு வருசம் இந்த வேலையில் நிற்கிறேன்.

கதை என்ன சொல்லுவது

குறைவாகச் சொல்லு. வெயிலில் நிற்கிற சனத்துக்கு ஐந்து நிமிசத்துக்கு மேல் காது மூடிவிடும்.

இந்தத் தீவு 1963 இல் சரணாலயம் ஆனது, 2003 இல் தேசியப் பூங்கா, நாட்டில் 17ஆவது. கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். பெரிய புறாமலை, சின்னப் புறாமலை என்று இரண்டு. சுமார் நூறு வகை முருகைக்கல்லும் முந்நூறு வகை மீனும் பதிவாகியிருக்கின்றன. இது போதும். எண்களைவிட ஒன்றை மனதில் பதியச் சொல்லு. 1998 இல் கடல் சூடாகி, ஹிக்கடுவை உட்படத் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கல் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கத்தது தப்பியது. ஆறு வருசத்தில் சுனாமி வந்தது, அதிலும் பெரும்பகுதி தாங்கி நின்றது. இவ்வளவையும் தாண்டி நிற்பது சனிக்கிழமை வருகிற ஒருவருடைய குதிக்காலால் முறியலாம். முருகைக்கல் கல்லில்லை, சின்னச் சின்ன உயிர்கள் கூடிக் கட்டிய வீடு என்று அப்போது சொன்னால் விளங்கும்.

தாய்லாந்தில் மாயா விரிகுடாவை 2018 இல் மூடினார்கள். சனம் மிதித்தும் படகுகள் நங்கூரம் போட்டும் கெடுத்தது. 2022 வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. புறாமலையை அப்படி மூடவேண்டி வந்தால் நம்முடைய படகுக்காரரும், சாப்பாட்டுக் கடைக்காரரும், நீயும் நானும் என்ன செய்வோம்? இதைச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை, நீ தெரிந்து வைத்துக்கொள்.

வெயிலுக்குப் பூசுகிற கிரீமைப் பற்றிக் கட்டாயம் சொல்லு. பலாவு நாடு 2020 இலும், ஹவாய் 2021 இலும், தாய்லாந்து தன் கடற்பூங்காக்களில் அதே 2021 இலும் முருகைக்கல்லைப் பாதிக்கிற இரசாயனம் கலந்த கிரீமைத் தடுத்தன. நம்மிடம் நீளக்கைச் சட்டை இருக்கிறது. அது போதும்.

சுனாமியைக் காட்சி மாதிரி விவரிக்காதே. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை பேர் என்று விருந்தாளி கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நிறுத்து. படகில் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் அன்று யாரை இழந்தார் என்பது உனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் திருகோணமலைக் கோட்டையில் மான் பார்க்க, கோணேசர் கோயிலுக்கு ஏற என்று கேட்பார்கள். 1622 இல் போர்த்துக்கேயர் இடித்ததைச் சொல்லலாம். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கிற சுவாமிமலைக்குக் கீழே சுழியோடிக் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். யார் முதல், யாருடைய இடம் என்ற வாக்குவாதம் வானுக்குள் தொடங்கினால் நீ அதற்குள் போகாதே, கோயில் வாசலில் செருப்பு எங்கே கழற்றுவது என்று சொல்லு.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமத்தை இந்த வருசம் எடுத்துவிடு. பிரதேச வழிகாட்டி என்ற பிரிவு உனக்குச் சரி. கழுத்தில் அட்டை தொங்கினால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

பைக்குள்

நல்ல தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல். வெறும் போத்தலை எண்ணித் திரும்பக் கொண்டுவா. ஜீவனிப் பைக்கற் நாலு, வெயிலில் தலைசுற்றினால் கரைத்துக் கொடுக்க. சவர்க்காரம், பெற்றாடின், கட்டுத் துணி, முள் எடுக்கிற சின்ன இடுக்கி, வாசலின். ஒரு பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர்.

பிளாஸ்க் எதற்கு என்று சிரிக்காதே. கடல் முள்ளெலியை மிதித்தாலும், கல்மீனோ சிங்கமீனோ குத்தினாலும், அந்த இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேணும், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல். அந்த நஞ்சு சூட்டில் பலமிழக்கும். சூடு தாங்குமா என்று குத்துப்படாத காலிலோ உன் கையிலோ முதல் பார்த்துக்கொள். சீனி வருத்தக்காரருக்குச் சூடு உறைக்காது, பொக்களம் போட்டுவிடும். அதைச் செய்துகொண்டே படகைக் கூப்பிடு, 1990 க்கு அடி, அம்புலன்ஸ் கரையில் நிற்கட்டும். ஜெலிமீன் பட்டால் கடல் தண்ணீரால் கழுவு, நல்ல தண்ணீரை ஊற்றாதே, மணலால் தேய்க்காதே. முருகைக்கல் வெட்டியது என்றால் நேர் எதிர்: நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் துகள் இல்லாமல் கழுவ வேணும். உள்ளே ஒரு பொடி தங்கினாலும் காயம் கிழமைக்கணக்கில் இழுக்கும்.

கரையில் பொறுக்கிய செத்த முருகைத் துண்டு, சிப்பி, பிள்ளைகளின் பொக்கற்றுக்குள் இருக்கும். படகு ஏற முதல் கேள். ஏசாதே. "இதுக்குள்ள சின்ன நண்டு குடியிருக்கும், வீட்டக் கொண்டுபோனா அது எங்க போகும்?" என்று கேட்டால் அவர்களே ஓடிப்போய் வைத்துவிட்டு வருவார்கள். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம், பெரியவர்களுக்கு அதைச் சொல்லு.

ஆட்களை எண்ணு. படகில் ஏற முதல், ஏறிய பிறகு, நிலாவெளியில் இறங்கிய பிறகு. விரல் நீட்டி எண்ணாதே, பேரைச் சொல்லி எண்ணு. பதினொரு பேரையும் வெள்ளிக்கிழமை இரவே பாடமாக்கு.

கரைக்கு வந்ததும் சனம் தேத்தண்ணிக் கடைக்கு ஓடும். இன்னும் இரண்டு நிமிசம் என்று மறி. மிச்சம் வைத்த நல்ல தண்ணீர்ப் போத்தலை எடு. ஒவ்வொருவரையும் படகின் விளிம்பில் இருத்தி, பாதத்தை நீட்டச் சொல்லி, தண்ணீர் ஊற்றி உள்ளங்காலைப் பார். சீனி வருத்தக்காரருக்கு விரல் இடுக்கும் பார். வயதானவர்கள் கூச்சப்பட்டுக் காலை இழுப்பார்கள், "ஐயோ வேணாம் பிள்ளை" என்பார்கள். நீ குனிந்தபடியே இரு.

முதல் வருசம் கால் வெட்டுப்பட்ட அந்தப் பெரியம்மாவின் மகள் பிறகு எனக்கு ஒரு டப்பா வாசலினும் ஒரு சோடி ரப்பர் சப்பாத்தும் அனுப்பியிருந்தா, அடுத்த வருசம் அம்மாவோடு திரும்ப வருவதாக எழுதியும் இருந்தா. வந்தார்கள். அந்தச் சப்பாத்து என்னிடம்தான் இருக்கிறது, ஆறாம் இலக்கம். உன் குழுவில் யாருக்காவது பொருந்தும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போ.